முழங்காலுக்கு ஏற்ற ஓர் ஊர்

பெப்ரவரி மாதத்தில் மொன்றியல் சனம் செய்கிற ஒரு காரியம் எனக்கு இத்தனை வருடமாகியும் பழகவில்லை. வெளியே பனி ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கும். எங்கள் வீட்டு வெளிப்படிக்கட்டின் இரும்புப் படிகள் பத்தொன்பதிலும் உப்புத் தூவி, கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினால்தான் தெருவுக்கு வரலாம். அப்படி இறங்கி, மெத்றோவில் நெரிபட்டு, மூக்கு வடிய வடிய வேலைக்குப் போனால், அங்கே எல்லோரும் கோடையில் எங்கே போவது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு கார்த்ரியில், அதாவது குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், சமையல் செய்கிறேன். ஜூலைக் கடைசியில் கட்டட வேலைக்காரர்களுக்கு விடுமுறை வருகிற இரண்டு கிழமையும் எங்கள் நிலையத்தையும் பூட்டிவிடுவார்கள். அந்த இரண்டு கிழமைக்காக ஐந்து மாதத்துக்கு முன்பே படம் பார்த்து, வீடு தேடி, கடற்கரைக்குத் தொப்பி வாங்குவதுவரை யோசித்து முடித்துவிடுவார்கள். யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வருடம் நானும் அந்தச் சனத்தில் ஒருத்தியானேன். என் மகள் தர்ஷினி தினமும் காலையில் என் கைபேசிக்கு ஓர் ஊரை அனுப்பத் தொடங்கினாள். பிரான்ஸின் தெற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கும் சுண்ணாம்புக்கல் மலைகளுக்கும் நடுவே இருக்கிற சின்னச் சின்ன ஊர்கள். பத்து நாள் ஓர் ஊரில் வீடெடுத்துத் தங்குவது, அங்கிருந்து தினமும் காரில் ஒரு திசையில் போய்ப் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்பி வருவது என்பது அவள் திட்டம். அதற்குத் தோதான ஊர் வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தாள். முதலில் படம், பிறகு விசாரணை. பேக்கரி நடந்து போகிற தூரத்தில் உண்டா, சந்தை எந்தக் கிழமை, குளிக்க ஆறு உண்டா, ரயில் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாமா, சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கிற ஊரா. ஒரு பொருத்தம் குறைந்தாலும் அந்த ஊரைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். என் கணவரிடம் கேட்டபோது தனக்கு நிழலும் ஒரு கதிரையும் இருந்தால் போதும் என்றார். பாரிஸில் இருக்கிற தன்னுடைய பக்கத்துச் சொந்தக்காரர் எவருக்கும் நாங்கள் வருவது தெரியக்கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. தெரிந்தால் பத்து நாளும் விருந்துச் சாப்பாட்டிலேயே போய்விடும்.

போகிறவர்கள் மூன்று பேர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தர்ஷினி அனுப்பிய முதல் வீட்டின் கீழே "நாலு பேருக்குக் காணும்" என்று எழுதியிருந்தாள். நாலாவது ஆள் யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பாரிஸில் இருக்கிற என் தங்கை வனஜா. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டால் எழுத வேறொன்றும் இல்லை. என் கூடப்பிறந்த தங்கையைப் பார்த்து எனக்குப் பொறாமை. இன்றைக்கு நேற்று வந்த பொறாமையும் அல்ல.

தர்ஷினிக்கு இரண்டு வயதாக இருந்தபோது நான் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டேன். கணவர் முன்னமே இங்கே வந்து சேர்ந்திருந்தார். என்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் கைப்பிள்ளையோடு கொண்டுபோக ஏலாது என்று சொல்லிவிட்டான். ஆறு மாதத்தில் பிள்ளையை எடுத்துவிடலாம் என்று நம்பி, பத்தொன்பது வயதுத் தங்கையின் இடுப்பில் பிள்ளையை ஏற்றிவிட்டு வந்தேன். அந்த ஆறு மாதம் நான்கு வருடமானது. அகதி வழக்கு, காகிதங்கள், ஸ்பொன்சர் என்று நான் இங்கே அலைந்துகொண்டிருந்தபோது அங்கே ஊரே இடம்பெயர்ந்தது. வனஜா பிள்ளையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வன்னிக்குப் போனாள். அங்கே மூன்று ஊர் மாறினாள். வந்த ஒரு நல்ல சம்பந்தத்தையும் பிள்ளையைக் காரணம் காட்டி வேண்டாம் என்றாள். தெரிந்த ஒரு குடும்பத்தோடு பிள்ளை டோர்வால் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அவளுக்கு ஆறு வயது. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அன்ரி, சின்னம்மா எப்ப வருவா?" என்று கேட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் என்னை அன்ரி என்றுதான் கூப்பிட்டாள்.

வனஜா பிறகு பிரான்ஸில் இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போனாள். பிள்ளைகள் இல்லை. கணவர் தவறி ஏழு வருடமாகிறது. பாரிஸுக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைத்துப் போடுகிற வேலை. அவளும் நானும் கடலுக்கு இரண்டு பக்கமும் நின்று மற்றவர்களுடைய பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறோம். இது மட்டும்தான் எங்கள் இருவருக்கும் சரிசமமாகக் கிடைத்தது.

தர்ஷினிக்கு இப்போது முப்பத்துநாலு வயது. ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் வேலை, அங்கேயே வீடு. என்னோடு பேசும்போது பாதி பிரெஞ்சு, கால்வாசி ஆங்கிலம், மிச்சம்தான் தமிழ். சின்னம்மாவோடு பேசும்போது மட்டும் முழுத் தமிழ் வரும். அதுவும் வன்னித் தெருக்களில் திரிந்த தமிழ். அவர்கள் இருவரும் பேசுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டால், எனக்குத் தெரியாத ஒரு பெண் என் வீட்டில் இருந்து சிரிப்பது போல இருக்கும். ஊர் தெரிவு செய்கிற கதையிலும் அதுதான் நடந்தது. நான் ஒரு படத்தைப் பார்த்து வடிவாயிருக்கிறது என்றால், "பொறுங்கோ, சின்னம்மாட்டைக் கேப்பம். அவவுக்குத்தான் ஊர் பாக்கத் தெரியும்" என்பாள்.

வனஜா கேட்கிற கேள்விகளே வேறு. தண்ணீர் எப்படி, மழை வந்தால் ஆறு வீட்டுக்குள் வருமா, பின்னேரத்தில் எந்தப் பக்கம் நிழல் விழும், அவசரமென்றால் வெளியேற எத்தனை தெரு இருக்கிறது. பொதிகளோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓர் ஊருக்குள் நுழைந்து, இங்கே இருக்கலாமா என்று பார்த்தவள் கேட்கிற கேள்விகள். அப்படிக் கேட்கக் கேட்க இருவருக்கும் பழைய ஞாபகம் வந்துவிடும். ஒரு மாமரத்தைச் சொல்வார்கள், கிணற்றுக்குள் விழுந்த ஒரு செருப்பைச் சொல்வார்கள், சிரிப்பார்கள். என் பிள்ளை வளர்ந்த அந்த மூன்று ஊர்களையும் எனக்குச் செய்திகளில் வந்த பெயராகத்தான் தெரியும். அந்தச் சிரிப்பு வரும்போதெல்லாம் நான் எழும்பிப்போய் அடுப்பில் எதையாவது கிண்டுவேன்.

மார்ச் தொடக்கத்தில் இரண்டு ஊர்கள் மிஞ்சின. நாங்கள் மேலூர், கீழூர் என்று பெயர் வைத்தோம். மேலூர் ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. பழைய கல் வீடுகள், கார் போகாத ஒழுங்கைகள். காரைக் கீழே விட்டுவிட்டு அறுபத்திரண்டு கற்படி ஏறினால்தான் வீட்டு வாசல். ஆனால் மாடத்தில் நின்றால் திராட்சைத் தோட்டம் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். கீழூர் ஆற்றங்கரையில். பெரிய மர நிழலில் சந்தை கூடுகிற சதுக்கம், பேக்கரி, மருந்துக்கடை, கதவைத் திறந்தால் தெரு. யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். தர்ஷினியின் பொருத்தம் அத்தனையும் கீழூருக்குத்தான் இருந்தது. நான் மேலூர்தான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன்.

காரணம், வனஜாவுக்குப் போன வருடம் வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் கைபேசியில் முகம் பார்த்துக் கதைத்தோம். சின்னம்மா இருந்தபடியால் தர்ஷினி தமிழில் பேசினாள்.

"அம்மா, கீழூர்தான் வசதி. பேக்கரி பக்கத்திலை, ஃபார்மசி பக்கத்திலை."

"ஃபார்மசி பாக்கவோ பிரான்ஸுக்குப் போறம்? இஞ்சை எங்கட தெருவிலையே ரெண்டு கிடக்கு. போறதெண்டால் ஒரு காட்சி வேணும், காத்து வேணும். ஜூலையிலை கீழை இருந்தால் அவிஞ்சு போவம்."

"அறுவத்திரண்டு படி அம்மா!"

"நான் ஒவ்வொரு நாளும் ஐஸிலை பத்தொன்பது படி ஏறி இறங்கிறன். உனக்கு என்ன வயசு, நீ படிக்குப் பயப்பிடுறாய்?"

முழங்கால் என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை. வனஜா தானாகவே சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "எனக்கு ஏலாது அக்கா, நீங்கள் மூண்டு பேரும் போட்டு வாங்கோ" என்று அவள் சொன்னால் விஷயம் முடிந்தது. எங்கள் வீட்டில் மூத்தவள் ஒன்றைச் சொன்னால் இளையவள் எதிர்த்துப் பேசுகிற வழக்கமில்லை. ஒன்றில் சரி என்பாள், இல்லாவிட்டால் ஒதுங்கிக்கொள்வாள். அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் இறங்கினேன். வனஜா சிரித்தாள்.

"அக்காவுக்குப் பிடிச்சதெண்டால் அதையே எடுங்கோ. எனக்கென்ன, நான் ஆறுதலா ஏறுவன்."

அடுத்த நாள் வேலையில் லிஸ்ஸுக்கு இதைச் சொன்னேன். லிஸ் எங்கள் நிலையத்தில் பிள்ளைகளைப் பார்க்கிறவள், இந்த ஊர்க்காரி. அந்தப் பக்கத்துக்கு இரண்டுதரம் போய்வந்தவள். படத்தைப் பார்த்துவிட்டு, "வடிவுதான். ஆனால் உன் தங்கைக்கு முழங்கால் சரியில்லை என்று சொன்னாயே?" என்று கேட்டாள். "அதனால்தான் இந்த வீடு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். லிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு படி ஏறுவதைப் போல நல்ல பயிற்சி வேறில்லை, தன் தாய்க்கும் அதைத்தான் சொன்னார்கள், இப்படி யோசிக்கிற அக்கா கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று சொல்லி என் தோளைத் தட்டினாள். மத்தியானத்துக்குள் நிலையம் முழுக்க நான் நல்ல அக்கா ஆகிவிட்டேன். அன்றைக்குப் பிள்ளைகளின் கிழங்கு மசியலில் உப்புக் கூடிப்போனது.

என் கணவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. பனி அள்ளுகிற சவலோடு வாசலில் நின்றுகொண்டு, "வனஜாவுக்கு அவ்வளவு படி ஏலாதெண்டு உனக்குத் தெரியாதே?" என்று மட்டும் கேட்டார். "தெரியாது" என்றேன். அவர் இறங்கிப் போய்ப் பனியை அள்ளத் தொடங்கினார்.

மார்ச் நடுவில் ஒரு சனிக்கிழமை தர்ஷினி சாப்பிட வந்தாள். கணவாய்க் கறி வைத்திருந்தேன், அவளுக்குப் பிடிக்கும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து கைபேசியில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். வனஜாவின் கட்டடத்துப் படிக்கட்டு. வேலை முடிந்து வந்த உடுப்போடு, ஒரு கையால் கைபிடியைப் பிடித்து, மறுகையில் கைபேசியை வைத்துக்கொண்டு ஏறுகிறாள். ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதல் வைத்து, வலது காலை இழுத்துச் சேர்க்கிறாள். "முப்பத்தொண்டு... முப்பத்திரண்டு..." என்று எண்ணுகிறாள். இந்தப் பக்கத்திலிருந்து தர்ஷினியின் குரலும் கூடவே எண்ணுகிறது. நாற்பதில் வனஜா படியிலேயே குந்திவிட்டாள். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு, "இண்டைக்கு நாப்பது. நாளைக்கு ரெண்டு கூட்டுவம்" என்றாள்.

"ரெண்டு கிழமையாகப் போகுது, லிஃப்டிலை போறேல்லை. அம்மா, உங்களுக்காகத்தான் ஏறுறா. 'அக்கா ஒருநாளும் எனக்கு இது வேணும் எண்டு கேட்டதில்லை, இதை எண்டாலும் செய்து குடுப்பம்' எண்டு சொன்னவ." தர்ஷினியின் கண் கலங்கியிருந்தது. "அந்தக் கால் என்னைத் தூக்கித் தூக்கித்தான் பழுதாப் போனது."

முழங்கால் பழுதானது வயதாலும் நாள் முழுக்கச் சமையலறையில் நின்று வேலை செய்ததாலும் என்று வைத்தியர் சொன்னதாக வனஜாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதை அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனேன்.

அந்த வீடியோவைப் பார்த்து மனம் இளகிவிட்டது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். எனக்கு அப்படி வரவில்லை. கேத்திலுக்கு முன்னால் நின்றபடி ஜூலை மாதத்தைக் கண்ணால் கண்டேன். மேலூரின் கற்படிகள். வனஜாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு தர்ஷினி ஏறுகிறாள். இருவரும் எண்ணிக்கொண்டு ஏறுகிறார்கள். காலையில் இறங்கும்போது ஒருதரம், பின்னேரம் ஏறும்போது ஒருதரம், பத்து நாள். ஒழுங்கையில் போகிறவர்கள் அவர்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டு, பொன்ஜூர் சொல்கிறார்கள். பின்னால் பாண் பையைத் தூக்கிக்கொண்டு நான். அவளை வரவிடாமல் செய்ய நான் தேர்ந்தெடுத்த படிகள். அவற்றில் என் பிள்ளை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் ஏறப்போகிறாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. மேலூர் வேண்டாம், கீழூருக்கே போய்விடலாம் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். இரக்கத்தில் எடுத்த முடிவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மேலூர் வீட்டை இன்னும் உறுதி செய்திருக்கவில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழூர் வீட்டுக்காரிக்கு நானே தொலைபேசி எடுத்தேன். அங்கே பின்னேரம் மூன்று மணி; அந்த வாரம் இங்கே மட்டும் மணிக்கூட்டை மாற்றியிருந்தார்கள். நான் இரண்டு வசனம் பேசியதும் அந்த அம்மா கலகலவென்று சிரித்தாள். "நீங்கள் கனடாக்காரி! பேச்சிலேயே தெரிகிறது. எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடிக்கும்" என்றாள். முப்பது வருடமாக இந்த ஊரில் நான் வாயைத் திறந்தால் எந்த நாடு என்றுதான் கேட்கிறார்கள். முகம் தெரியாத ஒருத்தி, கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு, என்னைச் சட்டென்று கனடாக்காரி ஆக்கிவிட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டை அவள் வார்த்தையாலேயே சுற்றிக் காட்டினாள். கீழே சமையலறைக்குப் பக்கத்தில் ஓர் அறை, அதில் தனிக்கட்டில் இரண்டு. பிறகு ஒடுங்கிய செங்குத்தான மரப்படி. மேலே ஓர் அறை, அதில் இருவர் படுக்கிற பெரிய கட்டில் ஒன்று. அவ்வளவுதான். மேலூர் வீட்டில் மூன்று அறை இருந்தது. இங்கே எத்தனை என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. கைபேசியைக் காதில் வைத்தபடி நாலு பேரையும் மாற்றி மாற்றிப் படுக்கவைத்துப் பார்த்தேன். வனஜா மேலே ஏற முடியாது, கீழேதான். என் கணவர் மச்சாளோடு ஒரே அறையில் படுக்கிற கதை எங்கள் சனத்தில் கிடையாது, ஆகவே அவர் மேலே. வளர்ந்த பிள்ளை தகப்பனோடு ஒரே கட்டிலில் படுக்க மாட்டாள், ஆகவே மேலே நான். மிச்சம் இருப்பது கீழே, வனஜாவுக்குப் பக்கத்துக் கட்டில். மேலே இன்னொரு கட்டில் போடலாமா என்று கேட்டேன். கூரை சரிவு, இடமில்லை என்றாள். சோபா? இருவர் இருக்கலாம், ஒருவர் படுக்க முடியாது என்றாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் பத்து இரவும் என் பிள்ளை அவளுக்குப் பக்கத்தில்தான்.

கைபேசியை வைத்துவிடலாமா என்று யோசித்தேன். நாற்பதாவது படியில் அவள் இருந்த இருப்பு ஞாபகம் வந்தது. வீட்டை எடுக்கிறேன் என்றேன். யார் எங்கிருந்து வருகிறார்கள், யார் எங்கே படுப்பது என்றும் சொன்னேன்.

"பாரிஸிலிருந்து வருகிற, முழங்கால் சுகமில்லாத பெண்மணியும் இளம்பெண்ணும் கீழே. அவர்கள் இருவருக்கும் என்ன முறை? சிலர் ஒரே அறையில் தங்கச் சங்கடப்படுவார்கள், அதனால் கேட்கிறேன்" என்றாள் வீட்டுக்காரி.

"சங்கடமில்லை. அவளை வளர்த்தவள்" என்றேன்.

"ஆ, அம்மா!" என்றாள்.

இல்லை, அம்மா நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். குடிவரவு அதிகாரிக்கும், பள்ளிக்கூடத்துக்கும், குடும்ப வைத்தியருக்கும் முப்பது வருடத்தில் எத்தனை தரம் காகிதம் காட்டிச் சொல்லியிருக்கிறேன். பெற்றவள் நான், வளர்த்தவள் அவள், நடுவில் நான்கு வருடம், அதற்கு இன்ன காரணம். படுக்கை விரிப்பு எத்தனை வேண்டும் என்று அடுத்த கேள்விக்குப் போகக் காத்திருக்கிற ஒருத்திக்கு அதையெல்லாம் எந்தப் பிரெஞ்சில் சொல்வது? "உய்" என்றேன். ஆம் என்று.

அரை மணி நேரத்தில் உறுதிக் கடிதம் வந்துவிட்டது. கீழ் அறை: தாயும் மகளும், பாரிஸிலிருந்து. மேல் அறை: தம்பதியர், மொன்றியலிலிருந்து. மூன்றுதரம் வாசித்தேன். திருத்தச் சொல்லி ஒரு பதில் எழுதி அழித்தேன். பிறகு, ஒரு சொல்லும் சேர்க்காமல், தர்ஷினிக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். அவள் பார்க்கட்டும், பார்த்துவிட்டுத் துடிக்கட்டும் என்று ஓர் ஆசை.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"அம்மா! கீழூரையோ எடுத்தியள்? ஏன் மாத்தினியள்?"

"பேந்து யோசிச்சன், அங்கை படி கூடிப்போச்சு."

"நல்ல வேலை செய்தியள். சின்னம்மாவுக்கு இப்பவே சொல்லப்போறன்." அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு சொன்னாள்: "ஆனால் கடிதத்திலை ஒரு பிழை கிடக்கு. கண்டனீங்களோ?"

நான் கதிரையில் இருந்துகொண்டேன். "என்ன பிழை?"

"என்னைப் பாரிஸ் எண்டு போட்டு வைச்சிருக்கிறா. நானும் மொன்றியல்தானே! எழுதித் திருத்திவிடட்டோ?"

"வேறை ஒண்டும் பிழை இல்லையோ? வடிவாப் பார்."

அவள் கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பது எனக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லாக, பிரெஞ்சில், வாய்க்குள் வாசித்தாள்.

"இல்லை அம்மா," என்றாள். "வேறை ஒரு பிழையும் இல்லை."